மகதலா மரியாவைச் சிறுவர்க்கு எவ்வாறு சொல்வோம்?

மகதலா மரியாள் என்றாலே 'மனந்திரும்பிய பாவிப்பெண்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நான்கு நற்செய்திகளிலும் அவரை அவ்வாறு அழைக்கும் வரி ஒன்றுகூட இல்லை. ஏழு பேய்கள் நீங்கி நலம் பெற்றவர். மற்றப் பெண்களோடு இயேசுவுக்குப் பணிவிடை செய்தவர் என்றே லூக்கா எழுதுகிறார். ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பாவிப்பெண்ணுக்கு அவர் பெயரே தரவில்லை. 591-ஆம் ஆண்டு மறையுரை ஒன்றில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இருவரையும் ஒருவராகவே கொண்டார். அதுவே மேலைத் திருச்சபையில் கதையாய் நிலைத்துவிட்டது.

சீடர் பலர் ஓடிப்போனபோது சிலுவையருகே நின்றவர் மரியாள். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, சீடருக்கு அறிவித்தவரும் அவரே என்கிறார் யோவான். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22-ஆம் நாளை, திருத்தூதர்களின் விழாக்களுக்கு நிகராக உயர்த்தினார்.

"பாவிக்கும் மன்னிப்பு உண்டு என்ற போதனை குறைந்துவிடாதா?" எனச் சிலர் கேட்கலாம். குறையாது. அதற்கு ஊதாரி மைந்தன் கதை இருக்கிறது. அந்தப் பெயரற்ற பெண்ணின் கதையும் இருக்கிறது. செய்யாத பாவத்தை ஒருவர்மேல் சுமத்தித்தான் இரக்கத்தைக் கற்பிக்க வேண்டுமா? பொய்ச்சான்று கூடாதென்ற கட்டளை கதை சொல்பவருக்கும் உண்டல்லவா? உயிர்ப்பின் முதல் செய்தியை ஆண்டவர் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். மறைக்கல்வி வகுப்பில் நம் தம்பி தங்கையர்க்கு அதையே முதலில் சொல்வோம்.