தரையை உடைக்கும் முன் ஒரு மணி நேரம் பொறுங்கள்!



வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் அவஸ்தைப்படுவது யார்? நாம்தான். எங்கள் ஜூஜுவாடியில் ஆண்கள் பலரும் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். கக்கூஸில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெண்களும் பிள்ளைகளும்தான். வேலைக்கு வந்தவர் "தரையை உடைக்கணும்மா" என்றாலும், "டேங்குக்குள்ள ஆளை இறக்கணும்மா" என்றாலும் தலையாட்டுவதும் நாம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது. "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், நாள் பூரா ஆகும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண வீட்டுக்கு சுமார் ஒரு மணி நேரம் போதும். வளைந்து கொடுக்கும் நீளமான கம்பியின் நுனியில் சின்னக் கேமராவும் விளக்கும் இருக்கும். சேம்பர் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால், குழாய்க்குள் இருப்பது வெளியே திரையில் தெரியும். வேர் புகுந்திருக்கிறதா, விரிசலா, இணைப்பு விலகியிருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருக்கிறதா என்று நாமே கண்ணால் பார்க்கலாம். எத்தனை அடி தூரத்தில் கோளாறு என்பதும் தெரிந்துவிடும்.

நேரம் கூடுவதும் உண்டு. சேம்பர் மேல் டைல்ஸ் போட்டு மூடியிருந்தால் அதைத் தேடவே நேரம் போகும். கேமராவை விட வேறு வழியே இல்லையென்றால் கக்கூஸ் கோப்பையைக் கழற்ற வேண்டும். குழாயில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் ஒன்றும் தெரியாது. அடைப்பை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகலாம்.

போன வருஷம் எங்கள் வீட்டில் அடைப்பு வந்தபோது, "சமையலறைத் தரையை உடைக்கணும், ரெண்டு நாள் வேலை" என்றார்கள். என் மாமியார் விடவில்லை. "உடைக்கறது எப்ப வேணாலும் உடைக்கலாம். முதல்ல பார்த்துடுவோம்" என்று சொல்லிவிட்டார். கேமரா விட்டதில் ஒன்றேகால் மணி நேரத்தில் விஷயம் தெரிந்தது. காம்பவுண்ட் சுவரோரம் வேப்பமரத்து வேர் குழாய் இணைப்புக்குள் போயிருந்தது. சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

தரை உடைந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். உயிர் போனால் வருமா? செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷவாயு இருக்கும். அது அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லை, இறங்கலாம்" என்று நம்பக் கூடாது. 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு சேர்ந்து இறந்துபோனார். 2018-ல் அதே கேரளத்து இளம் எஞ்சினீயர்கள் கேமரா பொருத்திய 'பாண்டிகூட்' என்ற இயந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள்.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். கூப்பிட்டவர் வீட்டுக்காரராக இருந்தாலும் தப்ப முடியாது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா கிடைப்பாரா?

ஆகவே சகோதரிகளே, அடைப்பு என்றால் முதலில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூலியை முன்பே பேசிக்கொண்டு, பக்கத்தில் நின்று திரையை நீங்களும் பாருங்கள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். டேங்க் நிறைந்திருந்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்க விடாதீர்கள். நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இந்தக் கேமராவை வாங்கி வைத்து, நியாயமான கட்டணத்துக்கு வீடுகளுக்கு அனுப்பினால் ஏழை பாழைகளுக்கும் உதவுமே!

என்ன, நான் சொல்வது சரிதானே?

— ஒரு குடும்பத் தலைவி,
ஜூஜுவாடி.