விரலைக் கேட்டீரா?

தோழனே!

கண்ணுள்ளோர் கூடிக் கண்ணற்றோர்க்கு வழி வகுத்த கதையொன்று பாரிசிலே உண்டு; கேள்!

சிறு வயதிலேயே பார்வை இழந்த லூயி பிரெயில், ஆறே புள்ளிகளில் ஓர் எழுத்துமுறை கண்டு, 1829-ல் நூலாக்கித் தந்தார். தடவினான் மாணவன், படித்தான், எழுதினான்! மகிழ்ந்தனரா மேலோர்? இல்லை! தம் கண்ணுக்குப் பழகிய எழுத்தின் வடிவையே மேடாக்கி, 'இதைத் தடவு' என்றனர். 1840-களின் தொடக்கத்தில், அவர் பயின்று ஆசிரியராகவும் இருந்த பள்ளியிலேயே அவர் எழுத்துக்குத் தடை! மறைவிலே வளர்த்தனர் மாணவர். 1852-ல் மறைந்தார் பிரெயில். 1854-லேதான் பிரான்சு அவர் முறையை ஏற்றது.

பழங்கதை என்பாய். பொறி மாறிற்று, கேளாமல் முடிவு கட்டும் மனம் மாறிற்றா?

இன்று கணிப்பொறித் திரையில் உள்ளதைக் குரலாக்கும் மென்பொருள்கள் உள. 'ஜாஸ்' விலைக்குக் கிடைப்பது. 'என்.வி.டி.ஏ.' இலவசம், 2006-ல் ஆஸ்திரேலியாவிலே பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது. 'குரல் இருக்கிறதே, பிரெயில் எதற்கு?' என்று கேட்கிறார்கள் சிக்கனத் திலகங்கள்!

அரை, அறை, கரி, கறி! பேச்சிலே பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பவை. எழுத்தைத் தொடாமல் காதால் மட்டுமே வளரும் பிள்ளை, பிழையின்றி எழுதுவது எங்ஙனம்? எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் செய்யலாம், உண்மை. ஒரு நூலையே அப்படிப் படிக்க நீ இசைவாயா? குரல் வேகம் தரும். எழுத்து தெளிவு தரும். இரண்டும் வேண்டும்!

அதற்கெனவே வந்தது பிரெயில் காட்சிக் கருவி. திரையின் வரிக்கேற்பச் சிறு முளைகள் எழும், தாழும், விரல் படிக்கும். 20 கட்டம், 40 கட்டம் எனப் பல அளவு. கட்டம் கூடினால் விலையும் கூடும். பையில் சுமக்கும் மாணவனுக்குச் சிறியது ஏற்றது. மேசையில் மெய்ப்புத் திருத்துவோர்க்கு நீண்டது ஏற்றது. தமிழுக்கோ இன்னொரு கணக்கு! கண்ணுக்கு ஒரே எழுத்தாகிய 'கோ', பாரதி பிரெயிலில் ககரமும் ஓகாரமுமாய் இரு கட்டம் கொள்ளும். ஆங்கிலக் கணக்கிலே வாங்கினால், வரி பாதியில் அறுபடும்.

இதனை அறிந்தவர் யார்? அன்றாடம் படிக்கும் விரல்! முடிவு செய்வதோ, குறைந்த விலையை மட்டும் தேடும் ஒப்பந்தப்புள்ளி! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமை என்கிறது. இவர்களோ கொடை என்கிறார்கள்.

ஆள்வோர் எவராயினும் நம் கோரிக்கை இதுவே: வாங்குமுன் கருவியைப் பிரெயில் படிப்போர் கையிலே கொடுங்கள். தமிழைப் பிழையின்றிக் காட்டுகிறதா? முளை சிக்கினால் பழுது பார்ப்பவர் யார்? பயிற்சி எங்கே? விடை கிடைத்த பின்னர் விலை பேசுங்கள்.

வாக்குப்பதிவு இயந்திரத்திலே பிரெயில் எண் பொறித்திருக்கிறோம். நாடாள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்ற விரல், தனக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றதா?