வாங்கியவருக்கே பூட்டு

கல்லூரிப் பாடநூலின் மின்பதிப்பில் ஒரு பத்தியை நகலெடுக்கவும் நாலு பக்கம் அச்சிடவும் ஏன் இத்தனை தடை என்று கேட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்த வளாகத்திலும் ஒரே பதில்தான் வரும்: தடை இல்லாவிட்டால் எல்லாரும் திருடிவிடுவார்கள், அப்புறம் புத்தகம் எழுத ஆள் இருக்காது. விரிவுரையாளர் இதைச் சொல்கிறார், நூலகர் சொல்கிறார், தடையால் அவதிப்படும் மாணவரே கூடச் சொல்கிறார். பாதிக்கப்பட்டவரே வாதாடும் அளவுக்கு ஊறிப்போன நம்பிக்கை இது. ஆனால் இந்தப் பூட்டு திருட்டை நிறுத்தவில்லை, எழுதியவரையும் காப்பாற்றவில்லை. அது உண்மையில் ஒழித்துக்கட்டியது பழைய புத்தகச் சந்தையை. பதிப்பகங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பணம் கட்டிய மாணவர் பதிப்பகம் காட்டும் செயலியில்தான் படிக்க வேண்டும். குறிப்புக்காக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால், நகலெடுக்கும் வரம்பு முடிந்தது என்று அறிவிப்பு வரும். அச்சிடப் போனால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பக்கம். அதிலும் பக்கந்தோறும் அவருடைய மின்னஞ்சல் முகவரி முத்திரைபோல் விழும். ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தால் நூலே மறைந்துபோகும். பாடத்தில் தோற்று மறுதேர்வு எழுதுபவர் மறுபடியும் கட்ட வேண்டியதுதான். நூலகத்தின் மின்நூலுக்கு ஒற்றைப் பயனர் உரிமம் வாங்கியிருந்தால், ஒருவர் மூடும்வரை வகுப்பில் உள்ள மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தேயாத, கிழியாத கோப்புக்கும் வரிசை! இதெல்லாம் காசு கொடுத்தவருக்கு. திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரே ஒருமுறை பூட்டை உடைத்தால் போதும். திறந்த கோப்பு கைமாறிக் கைமாறி எல்லாருக்கும் வந்து சேரும். அதில் தேடலாம், வெட்டி ஒட்டலாம், விரும்பிய பக்கங்களை அச்சிடலாம், எந்தக் கருவியிலும் திறக்கலாம். நேர்மையாக வாங்கியவருக்குத் தாழ்ந்த சரக்கும் வாங்காதவருக்கு உயர்ந்த சரக்கும் கிடைக்கும் ஓர் ஏற்பாட்டைத் திருட்டுத் தடுப்பு என்று அழைப்பது வேடிக்கை.

பிறகு ஏன் இவ்வளவு செலவு செய்து பூட்டுகிறார்கள்? விடை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் தொடங்குகிறது. அதில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. சுபாப் கிர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, ஆசியாவுக்கென மலிவு விலையில் அச்சான வைலி நிறுவனத்தின் பாடநூல்களை ஊரிலிருந்து வரவழைத்து விற்றார். மலேசிய மாணவர்களுக்கு நன்கு பழகிய அதே வகைப் பதிப்புகள்தாம். நிறுவனம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது: முறையாக வாங்கிய பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம், அது எந்த நாட்டில் அச்சானாலும் சரி. அச்சு நூல் விற்கப்பட்ட பிறகு அதன்மேல் பதிப்பகத்துக்குப் பிடி இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. மின்நூலுக்கு இந்த விதி எட்டாது; அங்கே விற்பது உரிமம் மட்டுமே. 2019இல் பியர்சன் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிடும் 1,500 பாடநூல்களையும் இனி மின்வடிவிலேயே முதலில் புதுப்பிக்கப்போவதாக அறிவித்தது. 2022 ஆகஸ்டில் அதன் தலைமை நிர்வாகி ஆண்டி பேர்ட் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். அச்சு நூல் ஏழு தடவை வரை கைமாறுகிறது, முதல் விற்பனையில் மட்டுமே தங்களுக்குப் பங்கு. மின்நூல் கைமாறினால் ஒவ்வொரு தடவையும் பங்கு எடுக்க வழி பார்க்கலாம் என்றார். அவர் கணக்குப் போட்டது திருடர்களைப் பற்றியன்று. பழைய புத்தகத்தை நேர்மையாக விற்றும் வாங்கியும் படித்த மாணவர்களைப் பற்றி.

அந்த ஏழு கைகளில் யார் இருந்தார்கள் என்பதை புத்ராஜெயாவுக்குப் பக்கத்திலுள்ள டெங்கிலில் நின்று யோசிக்கலாம். புத்ராஜெயா எழுவதற்காகப் பெராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. 1997இல் மின்னியல் யுகத்தின் தலைவாசல் என்று தொடங்கப்பட்ட சைபர்ஜெயாவும் இதே டெங்கில் முக்கிமில்தான் இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். இத்தகைய வீடுகளில் அக்காள் படித்த கணக்கியல் நூல் தம்பிக்கு வருவதும், அவன் அதை அடுத்த வகுப்புக்காரனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் சிக்கனம் மட்டுமல்ல, மேல்படிப்பையே சாத்தியமாக்கிய ஏற்பாடு. 2012இல் அரசாங்கம் மாணவர்களுக்கு 200 ரிங்கிட் புத்தகப் பற்றுச்சீட்டு கொடுத்தது, மறு ஆண்டு அது 250 ஆனது. அந்தப் பணத்தில் வாங்கிய அச்சு நூல் இன்றைக்கும் யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கக்கூடும். ஓராண்டு உரிமத்தில் போட்ட பொதுப்பணம் ஓராண்டில் கரைந்துவிடும். மின்நூல் மலிவு என்பவர்கள் விற்பனை விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். படித்து முடித்ததும் திரும்பி வரும் தொகையைக் கழித்துப் பார்ப்பதில்லை.

எழுதியவரின் வருமானம் என்ன ஆவது என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. பாடநூல் எழுதுவோரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள். உரிமைத்தொகை அவர்களுக்குக் கூடுதல் வரவு, அது நியாயமானதும்கூட. ஆனால் மின்சந்தா முறை அந்த வரவைக் காத்ததா? 2018இல் செங்கேஜ் என்ற பாடநூல் நிறுவனம் தன் நூல்கள் அனைத்தையும் ஒரே சந்தாவில் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, நீதிமன்றம் ஏறியவர்கள் அதன் நூலாசிரியர்களே. விற்பனைக்குக் கிடைத்த உரிமைத்தொகை சந்தாவில் கரைகிறது என்பது அவர்கள் முறையீடு. எழுத்தாளரின் பெயரைச் சொல்லிப் போட்ட பூட்டின் சாவி எழுத்தாளரிடம் இல்லை.

பூட்டை எடுத்தால் பதிப்பகமே மூழ்கிவிடும் என்பார்கள். உலகின் பெரிய அறிவியல் பதிப்பகங்களில் ஒன்றான ஸ்பிரிங்கர், பல்கலைக்கழகங்களுக்கு விற்கும் மின்நூல்களைப் பல ஆண்டுகளாகப் பூட்டில்லாத கோப்புகளாகவே தருகிறது. அது மூழ்கவில்லை. போட்டோஸ்டாட் கடைகளைக் காட்டி அச்சுறுத்துவோருக்கு டில்லிப் பல்கலைக்கழக வழக்கு பதில். அங்கே ராமேஸ்வரி நகலகம் பாடத்திட்டத்துக்கான நூல்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதற்காக ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்கான நகல் உரிமை மீறல் ஆகாது என்று தள்ளுபடி செய்தது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. மூன்றும் இன்றும் இந்தியாவில் புத்தகம் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. முழு நூலை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு சங்கதி. அதை நான் ஆதரிக்கவில்லை, அதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஆய்வுக்கும் தனிப்படிப்புக்கும் நியாயமான அளவு நகலெடுப்பதை அனுமதிக்கிறது. ஆனால் 2012இல் சேர்ந்த 36ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. அதன் விலக்குப் பட்டியலில் தனிப்படிப்பு இல்லை. வழக்கறிஞர்கள் இதற்கு வேறு பொருள் கூறி வாதாடலாம். முதலாண்டு மாணவர் அந்த வாதத்தை நம்பிப் பூட்டில் கைவைக்க மாட்டார். இந்தியாவும் அதே 2012இல்தான் பூட்டுக்குச் சட்டக் காவல் கொடுத்தது, ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே குற்றம் என்று எழுதி வைத்தது. இங்கேயும் அப்படி எழுதத் தெரியாமல் இல்லை. பூட்டு, பார்வையற்றோரையும் சும்மா விடவில்லை. 2009இல் கிண்டில் கருவி நூலை உரக்க வாசிக்க வந்தபோது, பதிப்பகங்கள் விரும்பினால் அதன் வாயை அடைக்க அமேசான் வழிவிட்டது. 1951இல் தொடங்கப்பட்டு பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தைச் சார்ந்தவர்களைப் போன்றோருக்காக, 2022இல் மலேசியா, பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மரகேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்து சட்டத்திலும் விலக்கு எழுதியது. அதேபோல் 36ஏ பட்டியலில் தனிப்படிப்புக்காக ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம் எத்தனை ஆண்டு எடுக்குமோ தெரியாது. ஒற்றைப் பயனர் உரிமத்தையும் நகல் வரம்பையும் ஏற்க முடியாது என்று நம் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து பேரம் பேசுவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் ஆண்டுதோறும் வருகிறது.