செய்தி வேறு, கருத்து வேறு

எழுதுகோல் பிடித்தோரிற் பலர் தம் உள்ளத்தில் தோன்றியதை உலகில் நிகழ்ந்ததாக எழுதிவிடுகின்றனர். இது வாசகர்க்குச் செய்யும் வஞ்சகம் என்பது எம் கருத்து.

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நோக்குக. கூலி உயர்வு கேட்டனர். சைக்கிளிற் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டதும் இறங்க வேண்டுமென்னும் வழக்கம் ஒழிக என்றனர். மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். பட்டாளம் வந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். இவை நிகழ்ச்சிகள், சான்று கொண்டு சோதிக்கத் தக்கவை.

“கொடுத்த கூலி போதுமானது”, “கூலிக்காரர் நன்றி கெட்டவர்” என்பனவோ? சொல்வோன் மனத்தின் சாயம்! நம்மவர் எழுதும் “வீரத் தியாகம்” என்பதும் கருத்தே. அக்கருத்து எமக்கும் உண்டு, வெளிப்படையாகவே சொல்கிறோம். செய்தியின் முதுகில் அதனை ஒளித்து ஏற்றி அனுப்போம்.

“அங்ஙனமாயின் கருத்தே எழுதலாகாதோ?” என்பர் சிலர். தாராளமாக எழுதுக! ஆனால் “நான் கருதுகிறேன்” என்று பெயர் சொல்லி வரட்டும். “யாவரும் அறிவர்”, “சொல்லப்படுகிறது” என்னும் முகமூடி எதற்கு? சொன்னவர் யார்?

தோழர்களே! எந்த வாக்கியத்தைப் படிப்பினும், இதனைச் சோதிக்க முடியுமா எனக் கேளுங்கள். முடியுமாயின் சோதியுங்கள், செய்தி வடிவில் பொய்யும் வரும். முடியாதாயின், எவர் கருத்து, எவர்க்கு ஆதாயம் எனக் கேளுங்கள்.

“ஐவர் மாண்டனர்” என்னும் இரு சொற்கள் ஆயிரம் அடைமொழிகளினும் வலியன.