பாயிண்ட் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் ஏறுவது பெரும்பாலும் கார் ரேஸ் கேம்தான். பொன்னேரியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். விடுமுறைக்கு வந்த அக்கா மகன் விளையாடிக்கொண்டே, "நரேன் கார்த்திகேயன் ஒரே ரேஸில்தானே பாயிண்ட் எடுத்தார், மாமா?" என்றான், கொஞ்சம் இளக்காரமாக.

உண்மைதான். 2005 ஜூனில், இண்டியானாபோலிஸில். மிச்செலின் டயர் பிரச்னையால் 20 கார்களில் 14 கார்கள் ரேஸ் தொடங்குமுன்பே விலகிவிட்டன. ஓடிய ஆறில் நரேன் நான்காவது, 5 பாயிண்ட்.

ஆனால் ஃபெராரியில் ஜெயித்த ஷூமேக்கரோடு அவரை ஒப்பிடுவது சரியா? 4 ஜிபி ராம் கம்ப்யூட்டரையும் 16 ஜிபி கம்ப்யூட்டரையும் வைத்து, முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திறமையை அளக்க முடியுமா? அதே ஜோர்டான் காரில் மூன்றாவதாக வந்த மான்டெய்ரோவோடுதான் ஒப்பிட வேண்டும்.

என் அளவுகோல் வேறு. 1984 மொனாக்கோ மழையில், டோல்மன் என்ற சுமாரான காரில், 13ஆம் இடத்தில் கிளம்பி இரண்டாவதாக வந்தார் சென்னா. அந்த வரிசையில் நரேனை வைக்கமாட்டேன். ஆனால் ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரை இளக்காரம் செய்யவும் விடமாட்டேன்.

கேம் செட்டிங்ஸில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்து (நிஜ ஃபார்முலா 1இல் 2008இலிருந்து அதற்குத் தடை), "இப்போ ஓட்டுடா" என்றேன். முதல் வளைவிலேயே சுவரில் மோதினான்.