வேடன் தாங்கலில் வேட்டை இல்லை

திருமழிசையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம் என்றால் பெரும்பாலும் கிழக்கே சென்னையை நோக்கித்தான். கடற்கரை, கடைத்தெரு, சினிமா என்று பொழுது போய்விடும். மார்கழிப் பனி இறங்கியதும் சில குடும்பங்கள் மட்டும் தெற்கே திரும்புகின்றன. நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், செங்கற்பட்டு, படாளம் வழியாகப் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வேடந்தாங்கல் வந்துவிடும். புளியோதரை ஒரு தூக்கில், தயிர்ச்சாதம் ஒரு தூக்கில், நடுவில் குழந்தைகள்.

போகிறவர்களில் சிலர் முகம் வாடித் திரும்புவதும் உண்டு. உச்சி வெயிலில் போய்ச் சேர்கிறார்கள். கரைமேல் கால் மணி நேரம் நடக்கிறார்கள். தூரத்து மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது. அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்து விடுகிறார்கள். இது பறவைகளின் குற்றமன்று. வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருக்கும் நேரத்தில் விருந்தாளி வந்து நின்றால் யார் வரவேற்பது? பகலில் பெரிய பறவைகளில் பல இரை தேடி வெளியே போயிருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் கரையில் நிற்க வேண்டும். அப்போது தெரியும் வேடந்தாங்கல் எது என்று.

முதலில் வானத்தில் ஒரு கோடு தெரியும். கோடு வளைந்து, உடைந்து, சிறகுகளாகும். கூழைக்கடா கனத்த உடம்போடு வந்து இறங்கும்போது கிளை முழுதும் ஆடும். ஏற்கெனவே அமர்ந்திருந்தவை கத்தி ஆட்சேபம் தெரிவிக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாது. அந்த இடுக்குத்தான் அதன் பெயரிலுள்ள தொழிலுக்கு ஏற்ற கருவி. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்ற பெயர்களைக் கேட்ட குழந்தை, பறவையைப் பார்த்ததும் தானே அடையாளம் சொல்லிவிடுகிறது. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே நெளிவதைப் பார்த்துப் பாம்பு என்று கூவுகிறவர்கள் பெரியவர்கள்தான். நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு நிற்பது யாரையும் ஆசீர்வதிப்பதற்காக அல்ல. நனைந்த சிறகைக் காய வைக்கிறது. எல்லோரும் வீடு திரும்பும் அந்த நேரத்தில் ஒரே ஒரு கூட்டம் மட்டும் வெளியே கிளம்பும். அது வக்கா. ஆலைகளில் இரவு முறை வேலைக்குப் போகிறவர்களைப் போல, அதற்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் உத்தியோகம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வருகிற பறவைகளெல்லாம் சீமையிலிருந்து வருகின்றன என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே ஊறிப்போயிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் மதிப்பு அதிகம் என்ற பழக்கம் பறவை வரை வந்துவிட்டது போலும். கிளுவை, ஊசிவால் வாத்து முதலியவை இமயத்துக்கு வடக்கேயுள்ள குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வருவது வாஸ்தவம். அவை இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றனவே தவிர, கூடு கட்டுவதில்லை. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் இந்தத் தேசத்துப் பறவைகளே. வெயில் ஏறும்போது சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுப்பதும், அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும் இந்த உள்ளூர்த் தாய் தகப்பன்தான்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். அதாவது முக்கால் சதுர மைலில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனை சின்ன இடத்தில், தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பல்லாயிரம் பறவைகள் குடித்தனம் நடத்துகின்றன. இவற்றை இங்கே இருக்கச் சொன்னது யார் என்பதுதான் ருசிகரமான கதை.

செங்கற்பட்டுச் சீமையில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆயிற்று. வேட்டைக்குப் பெயர் போன இடந்தான். கும்பினி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துப்பாக்கியோடு வந்து நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டு, இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கினார்கள். வருஷம் 1798. கலெக்டரின் பெயர் லயோனல் பிளேஸ். அந்தக் கவுல் 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் இது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததோ 1972-ல். சட்டத்துக்கு 174 வருஷம் முன்னாலேயே ஊர் முந்திக்கொண்டது.

பிளேஸ் துரையின் பெயர் அருகிலுள்ள மதுராந்தகத்தில் வேறொரு காரியத்துக்காக நிலைத்திருக்கிறது. பெரிய ஏரி உடையும் அபாயம் வந்த மழை இரவில், வில்லும் கையுமாக இருவர் கரையைக் காவல் காத்ததை அவர் கண்டாராம். வந்தவர்கள் ராம லக்ஷ்மணர்கள் என்று உணர்ந்து தாயாருக்குச் சந்நிதி கட்டிக் கொடுத்தாராம். அதனால்தான் அவர் ஏரி காத்த ராமர். ஐதீகம் அப்படி. ஏரிக்காக ஒரு சந்நிதி, பறவைக்காக ஒரு கவுல்: வசூலுக்கென்று வந்த உத்தியோகஸ்தர் ஒருவருக்கு இரண்டு நல்ல பெயர் கிடைத்தது அதிகந்தான்.

ஊரார் அன்று போய் நின்றது ஜீவகாருண்யத்தினால் மட்டுமா? அப்படிச் சொன்னால் அவர்களுடைய புத்திக்குக் குறைவு. மரத்தில் அமர்ந்த ஆயிரமாயிரம் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அது வெறுந் தண்ணீரன்று, தழைச்சத்து நிறைந்த உரத் தண்ணீர். அதோடு, நெல் வயலிலுள்ள நத்தையையும் புழு பூச்சிகளையும் பறவை தின்கிறது. கூலி கேளாத ஆள், காசு கேளாத எரு. இதை எந்த விவசாயக் கல்லூரியும் வந்து சொல்லித் தரவில்லை. மரத்தைக் கொடுத்து எருவை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் லாபமுள்ள ஒப்பந்தம் ஆகையால்தான் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

இப்படி நினைக்கிற ஊர் இது ஒன்று மட்டுமல்ல. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டியார் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளிடம் அதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது சுலபமான காரியமா?

மழை பொய்த்த வருஷத்தில் வேடந்தாங்கலில் கரையும் காய்ந்த மரமுந்தான். திருமழிசைக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியன்று. கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டு வெளியேற்றியபோது, திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்பினார். அவர் சொன்னதைக் கேட்டுப் பெருமாளும் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார் என்பது அவர்கள் ஊர்க் கதை. அரசன் ஓடி வந்து மன்றாடியதும் திரும்பினார்கள். ஏரி வறண்டால் பறவையும் அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறது. ஆனால் மன்றாடினால் திரும்பாது. தண்ணீர் வந்தால்தான் திரும்பும்.

தண்ணீர் மட்டும் வந்தால் போதுமா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 30 ஹெக்டேரில் பறவை உறங்கலாம், கூடு கட்டலாம். ஆனால் அத்தனை வயிறும் அங்கேயே நிரம்பாது. சாப்பாடு இருப்பது சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும், குட்டைகளிலும், நெல் வயல்களிலும். இதை உத்தேசித்துத்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தூரத்தைச் சரணாலயத்தோடு சேர்த்து அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கிலோ மீட்டராகக் குறைக்கலாம் என்று அரசாங்கத் தரப்பிலேயே ஒரு யோசனை எழுந்தது. பலத்த எதிர்ப்புக் கிளம்பியது, யோசனை நிறைவேறவில்லை. 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் வேடந்தாங்கலும், பக்கத்திலுள்ள கரிக்கிலியும் இடம் பெற்றன.

பட்டியலில் சேர்ந்தது சந்தோஷமே. ஆனால் வட்டத்தைக் காகிதத்தில் காப்பது வேறு, வட்டத்துக்குள் வயலைக் காப்பது வேறு. கவுல் எழுதி வாங்கியவர்கள் சம்சாரிகள். நிலத்தில் பயிர் இருக்கும் வரைதான் பறவையின் எருவுக்கு மதிப்பு. வயல் மனைப் பிரிவாகிவிட்டால் மதகுத் தண்ணீரை யார் கேட்பார்கள்? அப்போது எச்சம் என்பது உரமல்ல, அசுத்தம். பறவை என்பது விருந்தாளியல்ல, தொந்தரவு. 1798-ல் முறையிட்டவர்களின் சந்ததியாருக்கு முறையிடுவதற்கே காரணம் இல்லாமல் போகும். ஆகவே, பறவைகளைக் காப்பதாகச் சொல்லும் அரசாங்கம் அந்த வட்டத்திலுள்ள விவசாயியின் கால்வாயையும், நெல்லுக்குக் கிடைக்கிற விலையையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். தொழிற்சாலை வேண்டாம், மனை விற்காதே என்று அவரை மட்டும் கட்டிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கோடு வந்து பறவை பார்த்துவிட்டுப் போவது நியாயமாகாது.

திருமழிசையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நெல் விளைந்த பூமியில் தொழிற்பேட்டை வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். துணை நகரத் திட்டம் என்ற பேச்சையும் வெகுநாளாகக் கேட்டு வருகிறார்கள். பிழைப்பும் வந்தது, மறுப்பதற்கில்லை. வாசலிலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. நிறைந்தால் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் தாகம் தீர்க்கும் நீர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஏரி என்றாலே எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதுதான் பேச்சு. அந்தத் தண்ணீரிலும் நீர்க்காகம் முழுகுகிறது. நீர் வடிந்த ஓரத்தில் கொக்கும் நாரையும் நிற்கின்றன. அதற்குச் சரணாலயம் என்ற பெயர் இல்லை. ஆகவே பார்ப்பாரும் குறைவு. ஓரத்தில் குப்பை கொட்டுவதற்கு மட்டும் ஆள் குறைவில்லை.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒலிபெருக்கிப் பாட்டு வைக்காமலும், குஞ்சு இருக்கும் மரத்தை நோக்கிக் கை தட்டிப் பறவையைக் கிளப்பாமலும் இருப்பது பெரிய உபகாரம். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் தூக்கிலேயே திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் விசேஷம். வரும்போது நிறைந்திருந்த தூக்கு, போகும்போது காலிதானே.

பொழுது நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. காவலர் வந்து நேரமாயிற்று என்கிறார். கரையை விட்டு இறங்கினால் மறுபுறம் நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். மதகிலிருந்து வாய்க்காலில் கொஞ்சம் பச்சை நிறமாகத் தண்ணீர் ஓடுகிறது. வரப்பில் மண்வெட்டியோடு நின்ற ஒருவர், கீழ் மடைக்குத் திருப்புவதற்காக ஒரு வெட்டு மண்ணை எடுத்துப் போடுகிறார். தலைக்கு மேலே கடைசியாக ஒரு நாரைக் கூட்டம் ஏரியை நோக்கிப் போகிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.