படம் வாங்குவோரும் வயல் வாங்குவோரும்

தோழரே!

மயிலாடி என்றதும் மயிலின் தோகையை நினைப்போர் உண்டு. அவ்வூரை அறிந்தோர் நினைப்பதோ உளியின் ஓசையை! குமரி மாவட்டத்தில், அகத்தீசுவரம் வட்டத்தில் அமைந்த அந்தப் பேரூரின் சாலையோரம் நடந்து பாருங்கள். பட்டறை பட்டறையாகக் கருங்கல் காத்துக் கிடக்கும். முகமற்ற பாறைக்கு மூக்கும் விழியும் தந்து, முறுவலும் தரும் கைகள் அங்கே முதுகு வளைந்து உழைத்துக் கொண்டிருக்கும். அந்தக் கைத்திறனுக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் சிலை நிற்பது கோபுர நிழலில். சிலை செய்தவன் நிற்பது ஓலைக் கொட்டகை நிழலில். இது நாம் அறிந்த பழைய கதை.

இன்று நான் சொல்ல வந்தது அதனினும் பெரிய கதை. சிற்பியின் காலடியில் இருக்கும் மண்ணின் கதை. அவன் கண்ணெதிரே நிற்கும் மலையின் கதை!

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தன் பெயராகச் சூடிய நாடு நாஞ்சில் நாடு. மயிலாடிக்கு அருகில் மருந்துவாழ்மலை. அருகிலேயே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூர். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் பறவைகளின் பாசறை. 2022-இல் அவை உலகம் மதிக்கும் ராம்சார் நீர்நிலைப் பட்டியலிலும் இடம்பெற்றன. 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழி ஓடிவந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளைத்த மண் இது. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நெற்களஞ்சியம்! தூரிகை பிடித்தவன் இங்கே வந்தால் வண்ணத்துக்குப் பஞ்சம் உண்டா?

இங்கேதான் ஒரு யோசனை எழுகிறது. நல்லவர்கள் சொல்கிறார்கள், நாகரிகமாகவே சொல்கிறார்கள். "மலையையும் வயலையும் குளத்தையும் தீட்டும் நம் ஊர் ஓவியர்கள் தம் படங்களை நன்கொடையாகத் தரட்டும். நகரத்து விடுதியொன்றில் அவற்றை ஏலம் விடுவோம். வரும் தொகையைக் கொண்டு நிலத்தைக் காப்போம்" என்கிறார்கள். பல நாடுகளில் நடப்பதுதானே, நாமும் செய்தால் என்ன என்கிறார்கள்.

கொடுக்க முன்வரும் ஓவியனை நான் கும்பிடுகிறேன், தோழரே! சாயம் வாங்கவே சல்லிக்காசு தேடுபவன், சமுதாயத்துக்காகத் தன் படைப்பைத் தருகிறான் என்றால் அவனன்றோ சீமான்! என் வழக்கு அவன்மீது அன்று. நான் கேட்பது ஒரே கேள்விதான்: நிலம் காக்கப்பட வேண்டியது தருமத்தாலா, சட்டத்தாலா? அது நாம் ஏந்திப் பெறும் பிச்சையா, எழுந்து பெறும் உரிமையா?

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு காட்சியைக் காட்டுகிறேன். பாத்திரங்கள் கற்பனை, பண்பு கற்பனையன்று.

குளிரூட்டிய கூடம். மேடையில் ஓர் ஓவியம். கும்பப்பூ விளைந்து நிற்கும் வயல். வயலுக்கு அப்பால் குளம். குளத்துக்கு அப்பால் மலை.

ஏலக்காரர்: ஐம்பதாயிரம்! ஐம்பதாயிரம் ஒரு தரம்!

முதல் வரிசைக் கனவான்: ஒரு இலட்சம்!

(கைத்தட்டல். விளக்குகள் மின்னுகின்றன.)

நிருபர்: இவ்வளவு கொடுத்து வாங்கினீர்களே ஐயா, இதை எங்கே மாட்டப் போகிறீர்கள்?

கனவான்: புதிதாகக் கட்டப்போகும் என் அலுவலகத்தில்.

நிருபர்: அலுவலகம் எங்கே வருகிறது?

கனவான்: படத்திலே பச்சையாகத் தெரிகிறதே வயல், அங்கேதான்!

சிரித்தீர்களா? சிரித்து முடித்தபின் சிந்தியுங்கள். படம் வாங்குவோரும் வயல் வாங்குவோரும் பல வேளைகளில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்போரே! வலக்கையால் வழங்குவதை இடக்கை அறியக் கூடாது என்பார்கள். இங்கோ வலக்கை வழங்குகிறது. இடக்கை வளைத்துப் போடுகிறது! பச்சையைப் பறித்தவருக்குப் பசுமைக் காவலர் என்ற பட்டத்தையும் நாமே சூட்டி அனுப்ப வேண்டுமா?

கனவான் யோக்கியர் என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. மனை வணிகர் வயலை வயல் விலைக்கு வாங்கி, சென்ட் கணக்கில் கூறுபோட்டு, மனை விலைக்கு விற்கிறார். அந்த இரு விலைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கே அவருடைய பணப்பெட்டி. நாமோ வயலை வயலாகவே வைத்திருக்க வாங்குவோர். நமக்கு அந்த இலாபம் இல்லை. படம் விற்ற பணத்தைக் கொண்டு அவரோடு விலைப் போட்டியில் இறங்கினால் நாம் வெல்வது எங்ஙனம்? நாம் கேட்கக் கேட்க விலையும் ஏறும். ஒரு வயலைக் காத்த களிப்பில் நாம் திளைக்க, ஒன்பது வயல் கைமாறிப் போகும். வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் உறுதியாகச் சொன்னால் அந்தப் பள்ளத்தாக்கே தூர்ந்துவிடும். ஏலத்தால் ஆகாதது அது, ஆணையால் ஆவது.

வயலை விற்கும் உழவனை ஏசாதீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராமல், விளைந்த நெல்லுக்கு விலை வராமல், மகளுக்குத் திருமணமும் மகனுக்குப் படிப்பும் முன்னே வந்து நிற்கும்போது விற்கிறான். அவன் கையை அதற்குத் தள்ளியது எது என்று கேளுங்கள்.

வெளிநாட்டை எடுத்துக் காட்டுகிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் முயற்குட்டிக் கதை எழுதிக் குழந்தை உலகை ஆண்ட பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார், 1927-இல் விண்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு நிலத்துண்டுக்கு ஆபத்து வந்தபோது, தம் முயற்படங்கள் ஐம்பதைத் தம் கையால் வரைந்து, கையொப்பமிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார். விற்ற பணம் அந்தக் கரையைக் காக்க உதவிற்று. 1943-இல் அவர் மறைந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கே விட்டுச் சென்றார். போற்றத்தக்க பெருமாட்டி! ஆனால், 1895-இல் பிறந்த அந்த அறக்கட்டளைக்கு 1907-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தந்தது என்பதை மறக்கலாமா? அறக்கட்டளை தன் நிலத்தைக் கைமாற்றவொண்ணாத நிலம் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அளித்தது. படம் நிலத்தை வாங்கியது. சட்டம் நிலத்தைக் காத்தது!

அமெரிக்காவில் தாமஸ் மோரன் என்னும் ஓவியர் 1871-இல் ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அவர் தீட்டிய வண்ணப்படங்கள் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் முன் வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1-ஆம் நாள் சட்டம் பிறந்தது. அவ்விடம் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே ஓவியம் நடந்தது சட்டமன்றப் படிக்கட்டை நோக்கி! ஆனால் அந்தப் பூங்காவிலிருந்து, காலங்காலமாக அங்கே திரிந்து வாழ்ந்த பழங்குடியினர் விரட்டப்பட்டனர் என்பதும் வரலாறு. இயற்கையைக் காக்கிறோம் என்று சொல்லி ஏழையை வெளியேற்றும் பாதுகாப்பும் நமக்கு வேண்டாம்.

நம் தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல், ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர்கள் பாடிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் கடலோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். எவரிடமும் கையேந்தவில்லை, தம் உழைப்பால் தம் நிலம்! ஆயினும் இன்று அதனைச் சுற்றிப் பாருங்கள். வேலிக்குள் ஓவியர் கிராமம். வேலிக்கு வெளியே கட்டடக் காடு. கலைஞனின் காசு வேலி வரையில்தான் காக்கும். அதற்கு அப்பால் காக்க வேண்டியது அரசு.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஓட்டைகளோடு! ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு 2007-இல் சட்டம் செய்தது. அது பேசுவது பொதுப்பணித் துறையின் ஏரிகளைப் பற்றி. ஊராட்சிக் குளத்தின் கண்ணீரை யார் துடைப்பது? 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது காவிரிப் படுகைக்கு வந்தது. நாஞ்சில் நாட்டுக்கு வரவில்லை. காவிரி நெல் நெல்லாம், கோதையாற்று நெல் பதரா?

மேற்கே எல்லையைத் தாண்டிப் பாருங்கள். கேரளம் 2008-இல் நெல்வயலுக்கும் நீர்த்தடத்துக்கும் தனிச்சட்டம் கண்டது. 2018-இல் வந்த திருத்தம், கட்டணம் செலுத்தி நிலத்தின் வகையை மாற்ற வழிதிறந்து அதன் பல்லைச் சற்றே மழுக்கிற்று என்பது உண்மை. என்றாலும் வயலுக்கென்று ஒரு சட்டம் அங்கே நிற்கிறது. ஒரே திருவிதாங்கூராய் இருந்த மண்! எல்லைக்கு அப்பால் வயலுக்குச் சட்டம். எல்லைக்கு இப்பால் வயலுக்கு ஏலமா?

மலையின் நிலையோ இன்னும் கொடிது. இங்கே மயிலாடிச் சிற்பிக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். மலையைக் காக்க வேண்டும் என்றவுடன், "அப்படியானால் உங்கள் சிற்பிக்குக் கல் எங்கிருந்து வரும்?" என்று குறுக்குக் கேள்வி கேட்பார்கள், குவாரிக்குக் கொடி பிடிப்போர். நல்ல கேள்வி! பதில் கேளுங்கள். சிற்பி ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, தட்டிப் பார்த்து, அதன் ஓசை கேட்டு, மாதக்கணக்கில் அதனோடு மன்றாடுகிறான். கிரஷரோ மலையை வெடிவைத்துப் பிளந்து, மென்று, ஜல்லியாகவும் எம் சாண்டாகவும் துப்புகிறது. சிற்பியின் சுத்தியல் ஒரு கல்லுக்கு உயிர் தருகிறது. கிரஷரின் பல் ஒரு மலையின் உயிரை எடுக்கிறது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது, பாகனையும் தந்தம் திருடுபவனையும் ஒன்றாகப் பேசுவது போன்றதாகும்! சிற்பிக்கென்று அளந்து கல் ஒதுக்குங்கள். சூறையாடுபவனுக்கு விலங்கு பூட்டுங்கள். புவிசார் குறியீடு தந்த கை, அந்தப் புவியைக் காக்க நீள வேண்டாமா?

1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் இந்தத் தென்கோடிக்கு வந்தார்கள். களக்காட்டுக்கு அருகிலிருந்து பார்த்த மலைத்தொடரைத் தீட்டினார்கள். இலண்டனில் அச்சிட்டு விற்றார்கள். அந்தப் படம் இன்றும் காப்பகங்களில் வாழ்கிறது. காகிதத்து மலைக்குக் கண்ணாடிச் சட்டம் உண்டு, காவலாளி உண்டு. கல் மலைக்கு? நம் ஓவியன் இன்று தீட்டும் வயல், நாளைக்கு நம் பேரனுக்கு "இப்படி ஒன்று இருந்தது" என்று காட்டும் இறந்தோர் படமாக மாறலாமா?

குமரி மண்ணின் வரலாற்றைப் புரட்டுங்கள், தோழரே! தோளை மறைக்கும் உரிமையைத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் எவருடைய தயவிலும் பெறவில்லை. அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859-இல் அரசு இறங்கி வந்தது. தாய்த்தமிழகத்தோடு இணைவதற்காக 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. உயிர் கொடுத்து மீட்ட மண் இது! இதையா அறக்கொடைச் சீட்டு எழுதிக் காக்கப் போகிறோம்?

அப்படியானால் ஓவியன் தூரிகையைக் கீழே வைக்க வேண்டுமா? கூடாது! ஏலமும் நடக்கட்டும், ஆனால் நட்சத்திர விடுதியில் அன்று, மயிலாடிச் சந்தியில் நடக்கட்டும்! உழவனும் சிற்பியும் முன்வரிசையில் அமரட்டும். விற்ற பணம் நிலம் வாங்கும் போட்டிக்குப் போக வேண்டாம். குளத்தின் எல்லையை அளக்கவும், பழைய நிலப் பதிவேடுகளின் படியைப் பெறவும், வழக்கு மன்றம் ஏறவும் ஊராருக்குத் துணை நிற்கட்டும். விற்காத படங்களை வண்டியிலேற்றிச் சட்டமன்றத்துக்குக் கொண்டு செல்வோம். "இதோ எங்கள் வயல், இதோ எங்கள் குளம், இதோ எங்கள் மலை, இவை இருக்கும்போதே சட்டம் செய்யுங்கள்" என்று உறுப்பினர்களிடம் காட்டுவோம்.

இயக்கத் தோழர்களே, உங்கள் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. உங்கள் ஊர்க் குளங்களின் பெயர்களை எழுதுங்கள். புல எண்ணை எழுதுங்கள். கரை எது, மடை எது, மறுகால் ஓடை எது என்று முதியோரிடம் கேட்டுக் குறியுங்கள். கிராம சபை கூடும் ஊர்களில் எழுந்து நின்று அதைப் படியுங்கள், தீர்மானமாக்குங்கள். நாஞ்சில் நாட்டு நஞ்சைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். வருபவர் நம்மவராயினும் கேளுங்கள்!

ஏலக்காரரின் சுத்தியல் மூன்று முறை தட்டினால் ஒரு படம் கைமாறும். மக்கள் திரண்டு மன்றத்தின் கதவை மூன்று முறை தட்டினால் ஒரு சட்டம் பிறக்கும். எந்தக் கதவைத் தட்டப் போகிறோம், தோழரே?